திடலில் பறந்த கொடி



வேலை முடிந்த மாலை நேரத்தில் தோட்டத்துத் திடலில் காற்பந்து ஆட்டம் நடந்தால், நாம் எல்லைக் கோட்டருகே நின்று தொண்டை வற்றக் கத்துகிறோம். நம் அணிக்கு ஒரு நிறச் சட்டை. பக்கத்துத் தோட்டத்து அணிக்கு வேறு நிறச் சட்டை. கடையில் தொங்கும்போது அது வெறும் துணிதான். நம் பிள்ளைகள் அணிந்துகொண்டு திடலில் இறங்கியதும் அது நம் மானமாகி விடுகிறது. ஒரு துண்டுத் துணிக்கு இவ்வளவு சக்தி எங்கிருந்து வருகிறது?

இன்று நாம் பேசப்போவதும் ஒரு துண்டுத் துணியைப் பற்றித்தான். அது அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி மாநிலத்தில், ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கில் பறந்த கொடி. அந்தக் கொடியை வைத்து இரசிகர்கள் பல ஆண்டுகள் வாதாடினார்கள். 2020ஆம் ஆண்டில் அந்த வாதம் ஒரு முடிவுக்கு வந்தது. அது எப்படி வந்தது என்பதே இன்றைய கதை.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்கர்கள் தங்கள் காற்பந்து என்று சொல்வது நாம் ஆடும் ஆட்டமன்று. அவர்களுடைய பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுவார்கள்; எதிரணியினர் பாய்ந்து மடக்குவார்கள். கல்லூரி மாணவர்கள் ஆடும் ஆட்டத்திற்கே அங்கே பெருங்கூட்டம் கூடும். ஆக்ஸ்போர்டு என்னும் சிறு நகரில் உள்ள மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் அரங்கில் 60,000 பேருக்கு மேல் அமரலாம். இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் அந்த ஊரே திருவிழாக் கோலம் கொண்டுவிடும்.

இனி, கொடியின் கதைக்கு வருவோம்.

மிசிசிப்பி பருத்தி விளைந்த பூமி. 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கிருந்த ஏறத்தாழ 790,000 மக்களில் 436,000 பேர் அடிமைகள். நம் முன்னோர் கூலிகளாகக் கப்பலேறி வந்து பட்ட துன்பம் நமக்குத் தெரியும். ஆனால் அந்தக் கறுப்பின மக்கள் கூலிகளும் அல்லர். மாடுகளைப்போல் விலைக்கு வாங்கப்பட்டவர்கள். அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளவே தென் மாநிலங்கள் நாட்டிலிருந்து பிரிந்தன. 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. தென்னவர் படை தோற்றது. அந்தப் படை ஏந்திய கொடிதான் நாம் பேசும் கொடி. சிவப்புத் துணியில் நீலநிறப் பெருக்கல் குறி. அதன்மேல் 13 வெள்ளை நட்சத்திரங்கள்.

போர் முடிந்து அடிமைகள் விடுதலை பெற்றார்கள், வாக்குரிமையும் பெற்றார்கள். ஆனால் 1890இல் மிசிசிப்பி ஒரு புதிய அரசியல் சட்டத்தை எழுதி, தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு என்று பல தடைகளைப் போட்டு, அந்த வாக்குரிமையைப் பறித்துவிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1894இல், மாநிலக் கொடியின் மூலையில் அந்தப் பழைய படைக்கொடியைச் சேர்த்துக்கொண்டது.

பல்கலைக்கழகத்தின் செல்லப்பெயரிலும் பழைய காலத்தின் வாடை இருக்கிறது. அதனை "ஓல் மிஸ்" என்று அழைப்பார்கள். தோட்ட முதலாளியின் மனைவியை அடிமைகள் அழைத்த சொல் அது. நம் பெரியவர்கள் "துரைசாணி" என்று சொன்னார்களே, ஏறக்குறைய அதைப் போன்றது. அணியின் பெயர் "ரெபல்ஸ்", அதாவது கலகக்காரர்கள். அது 1936இல் வந்தது.

நேயர்களே, இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். படைக்கொடி அரங்கின் இருக்கைகளில் ஏராளமாகப் பறக்கத் தொடங்கியது போர் முடிந்தவுடன் அன்று. 80 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1948ஆம் ஆண்டை ஒட்டித்தான். அந்த ஆண்டில் அதிபர் ட்ரூமன் கறுப்பின மக்களுக்குச் சம உரிமை வழங்க முற்பட்டார். அதை எதிர்த்துத் தென்னாட்டு வெள்ளையர் சிலர் தனிக்கட்சி தொடங்கினார்கள். அதன் துணை அதிபர் வேட்பாளராக நின்றவர் மிசிசிப்பி ஆளுநர். அந்தக் கட்சியின் அடையாளமாகப் பறந்த கொடிதான் மாணவர்களின் கைகளில் அரங்கத்திற்குள் வந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

1962ஆம் ஆண்டு வந்தது. விமானப்படையில் பணியாற்றித் திரும்பிய ஜேம்ஸ் மெரிடித் என்னும் கறுப்பின இளைஞர் அந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்க விரும்பினார். நீதிமன்றம் அவரைச் சேர்க்கும்படி ஆணையிட்டது. மாநில ஆளுநர் ராஸ் பார்னெட் மறுத்தார். செப்டம்பர் 29ஆம் நாள் தலைநகர் ஜாக்சனில் ஓர் ஆட்டம். இடைவேளையில் ஆளுநர் திடலின் நடுவே வந்து ஒலிபெருக்கியில் பேசினார். மிசிசிப்பியை, அதன் மக்களை, அதன் வழக்கங்களைத் தாம் நேசிப்பதாகச் சொன்னார். பேச்சு அவ்வளவுதான். ஆனால் அதன் பொருள் எல்லோருக்கும் புரிந்தது. அரங்கமே கொடிகளை அசைத்து முழங்கியது.

மறுநாள் இரவு ஆக்ஸ்போர்டில் கலவரம் மூண்டது. மெரிடித்துக்குக் காவலாக வந்த மத்திய அரசின் அதிகாரிகளைக் கூட்டம் கல்லாலும் துப்பாக்கியாலும் தாக்கியது. இருவர் மாண்டனர், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அதிபர் கென்னடி இராணுவத்தை அனுப்பினார். அக்டோபர் முதல் நாள் மெரிடித் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டார். அந்த ஆண்டு ஓல் மிஸ் அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. வெற்றியும் வெறுப்பும் ஒரே கொடியின் கீழ் நடந்தன.

பத்தாண்டுகள் கழித்து, 1972இல், பென் வில்லியம்ஸ், ஜேம்ஸ் ரீட் என்னும் இருவர் அந்த அணியின் முதல் கறுப்பின வீரர்களாக ஆடினார்கள். எண்ணிப் பாருங்கள். அவர்கள் பந்தைப் பிடித்தால், எதிரியை மடக்கினால், கூட்டம் எழுந்து பாராட்டுகிறது. ஆனால் பாராட்டும் கையில் இருப்பதோ அவர்களுடைய முன்னோரை அடிமையாக வைத்திருக்கப் போரிட்ட கொடி! வியர்வை அவர்களுடையது, அடையாளம் வேறு யாருடையதோ.

1982இல் மாணவர்கள் ஜான் ஹாக்கின்ஸ் என்னும் கறுப்பின மாணவரை ஆரவாரக் குழுவிற்குத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் குழுவின் ஆண்கள் பெரிய படைக்கொடிகளை ஏந்தித் திடலில் ஓடுவது வழக்கம். ஹாக்கின்ஸ் குழுவில் ஆடுவதாக ஒப்புக்கொண்டார். கொடியை மட்டும் தொடமாட்டேன் என்றார். அவர் கொடியைக் கொளுத்தவில்லை, யாரையும் ஏசவில்லை. ஏந்த மறுத்தார், அவ்வளவுதான். ஆனால் மாநிலமெங்கும் வாதம் வெடித்தது. கொடியை ஆதரித்து மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். 1983 ஏப்ரலில் பல்கலைக்கழகத்தின் தலைவர் போர்ட்டர் ஃபார்ச்சூன், இனி அந்தக் கொடி பல்கலைக்கழகத்தின் அடையாளம் அன்று என அறிவித்தார். அதன் பின்னும் இரசிகர்கள் தாங்களே கொடி வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

அவர்களுடைய பக்கத்தையும் நாம் நேர்மையாகக் கேட்கவேண்டும். 1861இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் படிப்பை விட்டுவிட்டுப் படையில் சேர்ந்தார்கள். பலர் வீடு திரும்பவில்லை. "என் கொள்ளுப்பாட்டன் இந்தக் கொடியின் கீழ் உயிர்விட்டான், அவனை மறக்கச் சொல்கிறாயா?" என்று ஓர் இரசிகர் கேட்டால், அந்தத் துயரம் பொய்யன்று. "சின்ன வயதில் அப்பாவின் தோளில் அமர்ந்து இந்தக் கொடியை அசைத்தேன்; எனக்கு யார்மீதும் பகையில்லை" என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் அதே அரங்கில் அமர்ந்திருந்த கறுப்பினத் தாய்க்கு அந்தக் கொடி வேறொன்றை நினைவூட்டியது. ஒருவருக்குத் தாலாட்டாக இருப்பது மற்றவருக்குச் சவுக்கடியாக இருந்தால் என்ன செய்வது? இதுதான் அவர்கள் வாதத்தின் உள்ளே கிடந்த முள்.

1997இல் பயிற்றுநர் டாமி டியூபர்வில் கொடியை விட்டுவிடும்படி இரசிகர்களை வேண்டிக்கொண்டார். கொடி பறக்கும் அரங்கத்திற்குத் திறமையான கறுப்பின வீரர்கள் வரத் தயங்கினார்கள் என்பது ஒரு காரணம். அதே ஆண்டில் பல்கலைக்கழகம் ஒரு புதுமையான விதியைக் கொண்டுவந்தது. கொடிக்குத் தடையில்லை, கம்புக்குத் தடை! பாதுகாப்பு கருதி அரங்கத்திற்குள் கம்புகள் கொண்டுவரக் கூடாது. கம்பில்லாமல் கொடி எப்படிப் பறக்கும்? கொஞ்சங் கொஞ்சமாக இருக்கைகளிலிருந்து கொடி மறைந்தது. ஆனால் மாநிலக் கொடியின் மூலையில் அது அப்படியே இருந்தது. 2001இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தபோது, 100க்கு 64 பேர் பழைய கொடியே வேண்டும் என்றார்கள்.

இப்போது 2020ஆம் ஆண்டிற்கு வருவோம். உலகமே கோவிட் நோயால் முடங்கிய ஆண்டு அது. மே 25ஆம் நாள், மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்னும் கறுப்பினத்தவர் போலீஸ்காரர் ஒருவரின் முழங்காலின் கீழ் மூச்சுத் திணறி மாண்டார். அந்தக் காட்சி உலகெங்கும் பரவியது. அமெரிக்காவின் நகரங்களில் மக்கள் திரண்டார்கள். மிசிசிப்பியிலும் மாநிலக் கொடியை மாற்றவேண்டும் என்ற குரல் மீண்டும் எழுந்தது.

இந்த முறை விளையாட்டு உலகம் ஒதுங்கி நிற்கவில்லை. ஜூன் 18ஆம் நாள், தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுக் கூட்டமைப்பு, கொடி மாறாவிட்டால் இறுதிப் போட்டிகளை மிசிசிப்பியில் நடத்தாமல் விடக்கூடும் என்றது. மறுநாள் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமும் தன் தடையை விரிவாக்கியது. ஜூன் 22ஆம் நாள் கைலின் ஹில் பேசினார். அவர் ஓல் மிஸ் அணியின் பரம எதிரியான மிசிசிப்பி ஸ்டேட் அணியின் சிறந்த ஓட்ட வீரர். அந்த மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்த கறுப்பின இளைஞர். கொடியை மாற்றுங்கள், இல்லையேல் இந்த மாநிலத்தின் சார்பில் இனி ஆடமாட்டேன் என்று டுவிட்டரில் எழுதினார்.

இரசிகர்கள் இரண்டுபட்டார்கள். "ஆடுவதற்குத்தான் உன்னைக் கூப்பிட்டோம், அரசியல் பேச அன்று" என்றார்கள் சிலர். "அவன் உடம்பு நோக ஆடுவதை இரசிக்கிறோம்; அவன் மனம் நோவதை மட்டும் கேட்கக் கூடாதா?" என்றார்கள் மற்றவர்கள். ஜூன் 25ஆம் நாள், திடலில் ஒருவரையொருவர் வீழ்த்தத் துடிக்கும் பல்கலைக்கழகங்களின் பயிற்றுநர்கள் ஒன்றாகச் சட்டமன்றக் கட்டடத்திற்குச் சென்று கொடியை மாற்றும்படி கேட்டுக்கொண்டார்கள். மூன்றே நாளில், ஜூன் 28ஆம் நாள், கீழவையில் 91க்கு 23, மேலவையில் 37க்கு 14 என்ற வாக்குகளில் பழைய கொடியை நீக்கும் சட்டம் நிறைவேறியது. ஜூன் 30ஆம் நாள் ஆளுநர் டேட் ரீவ்ஸ் கையெழுத்திட்டார். 126 ஆண்டுகள் பறந்த கொடி இறங்கியது.

திருச்சபைத் தலைவர்களும் வணிகர்களும் கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர்களும் பல்லாண்டு போராடியதன் பயன் அது. கைலின் ஹில் ஒருவரால் மட்டும் வந்ததன்று. ஆயினும் கடைசி நேரத்தில் எடையைச் சாய்த்தவர்களில் அவரும் ஒருவர்.

அந்த ஆண்டின் ஆட்டக் காலமும் விசித்திரமாகவே நடந்தது. ஆட்டங்கள் தாமதமாகத் தொடங்கின. அரங்கின் இருக்கைகளில் நாலில் ஒரு பங்குக்கே ஆட்களை அனுமதித்தார்கள். ஆகஸ்டு 28ஆம் நாள் ஓல் மிஸ் வீரர்கள் பயிற்சியை விட்டுவிட்டு ஆக்ஸ்போர்டு நகரின் நடுச் சதுக்கத்திற்கு ஊர்வலமாக நடந்தார்கள். செப்டம்பர் 26ஆம் நாள் முதல் ஆட்டத்தின் தொடக்கத்தில், அவர்களும் எதிரணியான ஃபுளோரிடா வீரர்களும் சேர்ந்தே மண்டியிட்டார்கள். 1962இல் கொடிகளின் முழக்கம் கேட்ட அணியின் ஆட்டத்தில், 58 ஆண்டுகள் கழித்து, அப்படியொரு காட்சி.

நவம்பர் 3ஆம் நாள் மீண்டும் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. மாநிலத்தின் மலரான மக்னோலியாவைத் தாங்கிய புதிய கொடிக்கு 100க்கு 70க்கும் மேற்பட்டோர் சம்மதம் தந்தார்கள்.

நேயர்களே, "விளையாட்டில் அரசியலைக் கொண்டு வராதீர்கள்" என்று சொன்னவர்களின் வாதத்தை இப்போது எடைபோட்டுப் பாருங்கள். 1948ஐ மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? கொடி அரங்கத்திற்குள் வந்ததே அரசியலாகத்தான் வந்தது. அதைக் கொண்டுவந்தபோது யாரும் அரசியல் என்று சொல்லவில்லை. அதை எடுக்கச் சொன்னபோதுதான் அரசியல் என்றார்கள். பழக்கம் நாளடைவில் பாரம்பரியம் என்ற பெயரைப் போர்த்திக்கொள்கிறது. ஆகவே, "இது நம் பாரம்பரியம்" என்று எவராவது சொல்லும்போது மூன்று கேள்விகள் கேட்பது நல்லது. எப்போது வந்தது? யார் கொண்டுவந்தார்கள்? யாருக்கு வலிக்கிறது?

கொடி மாறியதால் மிசிசிப்பியில் எல்லாம் மாறிவிடவில்லை. வறுமை இருக்கிறது. ஓல் மிஸ் என்ற பெயரும் ரெபல்ஸ் என்ற பெயரும் இருக்கின்றன. அவற்றைப் பற்றிய வாதமும் ஓயவில்லை. ஆனாலும் ஜான் ஹாக்கின்ஸ் மறுத்த நாளிலிருந்து கைலின் ஹில் மறுத்த நாள் வரை ஒன்று தெளிவாகத் தெரிகிறது. எவருடைய உழைப்பில் ஓர் இடத்தின் பெருமை நிற்கிறதோ, அவர்களுக்கு அந்த இடத்தின் அடையாளத்தைப் பற்றிப் பேசவும் உரிமை உண்டு. உழைப்பவர் அமைதியாக, உறுதியாக, "இதை நான் ஏந்தமாட்டேன்" என்று சொல்லும்போது, கேட்க மறுத்த காதுகளும் ஒரு நாள் கேட்கத்தான் வேண்டும்.

அடுத்த முறை நம் திடலில் பிள்ளைகள் ஆடும்போது, அந்தச் சட்டை அவர்கள் எல்லோரையும் அணைத்துக்கொள்ளும் சட்டையாக இருக்கிறதா என்று ஒரு கணம் பாருங்கள்.