காசின் முகத்தில் ஒரு வெட்டு

என்னிடம் ஒரு செப்புக் காசு இருக்கிறது. அதைப் பாழாக்கியவன் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

எனக்கு அப்போது பத்து வயது. கோடை விடுமுறையில் காவிரி மணலில் ஊற்றுத் தோண்டி விளையாடிக்கொண்டிருந்தபோது அது கையில் தட்டுப்பட்டது. பச்சைப் பசேலென்று பாசி பிடித்த சில்லு மாதிரி இருந்தது. பாட்டி குத்துவிளக்குத் துலக்குவதற்கு வைத்திருந்த புளியைத் திருடி, சாம்பலையும் சேர்த்துக்கொண்டு, கை நோகத் தேய்த்தேன். காசு பளபளவென்று வந்துவிட்டது. என் சந்தோஷத்தைக் கேட்பானேன்!

பள்ளிக்கூடம் திறந்ததும் சரித்திர வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஜன்னலோரமாகப் போய் நின்று அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதிலே பச்சை இருந்ததாடா?”

“நிறைய இருந்தது, சார். எல்லாத்தையும் துலக்கிட்டேன்.”

“அதோட ராஜராஜன் பேரையும் துலக்கிட்டியே!”

ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் உருவம், அதனருகே ‘ஸ்ரீ ராஜராஜ’ என்று நாகரி எழுத்து. இதுதான் அந்தச் சோழக் காசின் லட்சணம். என் காசில் உருவங்கள் நிழலாக நின்றன. எழுத்து இருந்த இடம் வழுக்கையாகிவிட்டது.

வாத்தியார் திட்டியிருந்தால் மறந்து போயிருப்பேன். அவர் பெருமூச்சு விட்டதோடு நிறுத்திக்கொண்டார். அதனால்தான் பழைய காசுகளைப் பற்றி எங்கே எது கிடைத்தாலும் இன்றும் தேடிப் படிக்கிறேன்.

செம்பில் களிம்பு போல என்று சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கு உவமை சொல்வார்கள். ஆன்மாவுக்குக் களிம்பு நீங்குவதே மோட்சம். காசுக்கோ நிலைமை நேர்மாறு. மண்ணுக்குள் கிடக்கும் செம்பு முதலில் சிவந்து கறுக்கிறது. பிறகு ஈரத்தையும் காற்றையும் வாங்கிப் பச்சை பூக்கிறது. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல, காசின் மேல்தோலே களிம்பாக மாறிவிடுகிறது. எழுத்தும் உருவமும் அந்தக் களிம்பில்தான் தங்கியிருக்கின்றன. களிம்பைச் சுரண்டினால் எழுத்தும் கூடவே போய்விடும். பச்சையிலும் பொல்லாத பச்சை ஒன்று உண்டு. வெளிறிய மாவு போல உதிரும் அது உப்பின் வேலை. காசை அரித்துக்கொண்டே போகும். அதற்கு வைத்தியம் செய்ய விஷயம் தெரிந்தவர்கள் வேண்டும், புளி உதவாது.

வெள்ளிக் காசு கந்தகம் பட்டுக் கறுக்கும். ஒரே பானையில் புதைந்த காசுகளிலும், ஓரத்தில் ஒட்டிக் கிடந்ததற்கு ஒரு நிறம், நடுவில் கிடந்ததற்கு வேறு நிறம் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், அது சந்தையில் புழங்காமல் ஏதோ ஒரு பெண்ணின் காசுமாலையில் தொங்கியிருக்கலாம். இங்கிலாந்தில் இன்று ‘மெட்டல் டிடெக்டர்’ கருவியோடு வயல்வெளிகளில் காசு தேடி அலைவது பலருக்குப் பொழுதுபோக்கு. அவர்களிலும் அனுபவசாலிகள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம், ‘தேய்க்காதே’ என்பதுதான்.

தங்கத்தின் சங்கதி வேறு. அது கறுப்பதும் இல்லை, பச்சை பூப்பதும் இல்லை. பூமி அதன்மேல் எதையும் எழுதுவதில்லை. ஆகவே பொற்காசின் முகத்தில் ஒரு காயம் இருந்தால், அது பெரும்பாலும் மனிதன் செய்ததாகத்தான் இருக்கும்.

1898ஆம் ஆண்டில், புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. திபேரியஸ், கிளாடியஸ், நீரோ என்று வரிசையாக ரோமச் சக்கரவர்த்திகளின் தலைகள். கடைசியாக, 69 முதல் 79 வரை ஆண்ட வெஸ்பாசியன். பிரிட்டிஷ் மியூசியத்து ஜார்ஜ் ஹில் அவற்றை ஆராய்ந்து அந்த ஆண்டிலேயே கட்டுரை எழுதினார். காசுகள் நன்றாகத் தேய்ந்திருந்தன. அதைவிட ஆச்சரியம், அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைக்குக் குறுக்கே உளியாலோ அரத்தாலோ ஒரு வெட்டு இருந்தது.

ஏன் வெட்டினார்கள்?

உள்ளே செம்பை வைத்து மேலே பொன் பூசியிருக்கிறதா என்று பார்த்தார்கள் என்பது ஒரு கட்சி. அப்படியானால் ஓரத்தில் சிறு கீறல் போதுமே. முகத்தை ஏன் தேடிப் போக வேண்டும்? அந்நிய அரசனின் ஆணை இங்கே செல்லாது என்று காட்டினார்கள் என்பது மற்றொரு கட்சி. ரசமான யோசனைதான், கதை எழுதுகிறவனுக்கு மிகவும் பிடிக்கும். ஹில்லின் கருத்து இத்தனை ஆர்ப்பாட்டம் இல்லாதது. தேய்ந்து எடை குறைந்த காசு இனிக் காசாகச் செல்லாது, வெறும் பொன்னாகவே செல்லும் என்பதற்கு அடையாளம் அந்த வெட்டு என்றார் அவர்.

நான் ஹில்லின் பக்கம் சாய்கிறேன். கிளாடியஸ் காலத்தில் ரோமானியன் ஒருவன் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையில் கரை சேர்ந்த கதையைப் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அவனிடம் இருந்த வெள்ளிக் காசுகளில் வெவ்வேறு முகங்கள் இருந்தும் எடை மட்டும் ஒன்றாகவே இருந்ததைக் கண்டு இலங்கை அரசன் வியந்தானாம். முகம் யாருடையதாக இருந்தால் என்ன, எடை சரியா என்பதே கடலுக்கு இந்தப் பக்கத்துக் கேள்வி. 64ஆம் ஆண்டையொட்டி நீரோ தன் பொற்காசின் எடையைக் குறைத்தான். எடை பார்த்து வாங்குகிறவர்களிடம் அந்தச் சாமர்த்தியம் எத்தனை நாள் செல்லும்?

நாணயம் நோட்டம் பார்ப்பவனுக்கு நம் பழந்தமிழில் வண்ணக்கன் என்று பெயர். வடம வண்ணக்கன் தாமோதரனாரைப் போல, அந்தப் பெயரோடு சங்கப் புலவர் வரிசையிலே இடம் பெற்றவர்களும் உண்டு. கறுக்காக்குறிச்சிக் காசுகளை வெட்டிய கை யாருடையதோ? ஒரு வண்ணக்கனுடையதாக இருக்கக்கூடாதா என்று எனக்கு ஆசை. அவன் பெயரும் ஊரும் போய்விட்டன. அவன் போட்ட வெட்டு மட்டும் நிற்கிறது. காசைப் பார்ப்பவர்கள் முதலில் அதைச் சேதம் என்றுதான் நினைப்பார்கள். எனக்கோ அது அவனுடைய கையெழுத்தாகவே தோன்றுகிறது.

அந்த 501 காசுகளும் யாரும் பார்க்குமுன் ஒரு தட்டானின் உலைக்குப் போயிருந்தால், இத்தனை விவாதத்துக்கும் இடமில்லை. அப்படிப் போன புதையல்கள் எத்தனையோ! மண்ணில் கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டிலேயே சட்டம் இருக்கிறது. ஆனால் உலைக்குச் சட்டமா தெரியும்? பத்து வயதுப் பையனின் கையிலிருந்த புளிக்குத்தான் தெரிந்ததா?

என் காசு மேஜை அறையில் கிடக்கிறது. பளபளப்பு என்றோ போய்விட்டது. இத்தனை வருஷத்தில் அது தானாகவே மறுபடி பழுப்பேறிவிட்டது. சில சமயம் விளக்கடியில் சாய்த்துப் பிடித்து அந்த வழுக்கையான இடத்தைப் பார்ப்பேன். நிறம் திரும்பி வந்திருக்கிறது; எழுத்து வரவில்லை.