கதவை விட்டு விலகிய கை

2004இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், எக்லின் விமானப்படைத் தளத்தைச் சுற்றியிருந்த வீடுகளின் கராஜ் கதவுகள் ரிமோட்டுக்குக் கட்டுப்பட மறுத்தன. தெருமுனையிலிருந்து அழுத்தினால் திறந்துகொண்டிருந்த கதவு, கிட்டே போய் அழுத்தினாலும் அசையவில்லை. ரிமோட்டில் ஒரு பழுதும் இல்லை. தளத்தில் சோதிக்கப்பட்ட புதிய ரேடியோக்கள் 380 முதல் 399.9 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் பேசின. ரிமோட்டுகளில் பலவும் 390இல் இருந்தன. ராணுவத்தின் பெரிய குரலுக்கு நடுவே ரிமோட்டின் சின்னக் குரல் அமுங்கிப்போனது.

அந்த அலைவரிசை பல்லாண்டுகளாக ராணுவத்துக்கு ஒதுக்கப்பட்டது. ரிமோட் அங்கே ஒண்டுக்குடித்தனம்தான்: உரிமம் வேண்டாம், ஆனால் வரும் இடையூறைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. பிறகு தயாரிப்பாளர்கள் 315 மெகாஹெர்ட்ஸுக்கு நகர்ந்தார்கள்.

மேலே ஏறும் கராஜ் கதவை சி.ஜி. ஜான்சன் 1921இல் உருவாக்கினார். 1926இல் அதற்கு மின்மோட்டாரும் வந்தது. ரேடியோ ரிமோட் வந்த புதிதில் ரகசியக் குறியீடு என்று ஒன்றும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் அழுத்தினால் நம் வீட்டுக் கதவும் திறக்கும். அப்புறம் குறியீட்டை அமைக்க ரிமோட்டுக்குள் குட்டிச் சுவிட்சுகள் வந்தன. எட்டு சுவிட்சுக்கு 256 குறியீடுகள், பன்னிரண்டுக்கு 4,096. பூட்டு என்று சொல்ல அது போதாது. அழுத்தும்போதெல்லாம் குறியீடு மாறும் முறை 1990களில் பரவிய பின்னும் பழைய கதவுகள் பல அப்படியே இருந்தன. ஒரு பொம்மைக் கருவியை மாற்றியமைத்து அவற்றைப் பத்தே விநாடிக்குள் திறந்துவிடலாம் என்று பாதுகாப்பு ஆய்வாளர் சாமி கம்கார் 2015இல் காட்டினார்.

திருட்டைவிடக் கொடியது வேறொன்று. கையால் இறக்குபவருக்குக் கீழே யார் நிற்கிறார்கள் என்பது கண்ணில் படும். மோட்டாருக்குக் கண் இல்லை. 1982க்குப் பிந்தைய ஆண்டுகளில் சுமார் 60 குழந்தைகள் தானியங்கிக் கதவுகளின் அடியில் சிக்கி இறந்ததாக அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் பதிவுசெய்தது. 1990இல் சட்டம் வந்தது. 1993 ஜனவரி முதல் தயாரான ஒவ்வொரு வீட்டு மோட்டாருக்கும், கதவின் இருபுறமும் தரையையொட்டி எதிரெதிரே பார்க்கும் ஒளி உணரியோ அதற்கு ஈடான வேறொரு ஏற்பாடோ கட்டாயமானது. ஒரு குழந்தையின் கால் அந்தக் கதிரை மறித்தால் போதும், இறங்கும் கதவு திரும்பி மேலேறும். இவ்வளவு எளிய பொருளுக்கு இத்தனை உயிர்கள் போக வேண்டியிருந்தது.

ஆனால் கதவின் ஸ்பிரிங்கை மட்டும் எந்த உணரியும் காவல் காப்பதில்லை. கதவின் கனத்தைத் தூக்குவது மோட்டார் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் சுமப்பது ஸ்பிரிங். கதவு மூடியிருக்கும்போதுதான் அது உச்ச முறுக்கில் இருக்கும். பழகிய மெக்கானிக் இரண்டு இரும்புக் கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகி, பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, கால் சுற்று கால் சுற்றாக முறுக்கேற்றுவார். கம்பிக்குப் பதில் ஸ்க்ரூடிரைவரைச் செருகினால் அது நழுவித் தெறித்து எலும்பை முறித்துவிடும். சாதாரண ஸ்பிரிங்கின் ஆயுள் சுமார் 10,000 ஏற்ற இறக்கம். நாளுக்கு நான்கு முறை என்றால் ஏழு ஆண்டுகூட வராது. அறுந்தால் துப்பாக்கி வெடித்தது போலச் சத்தம் கேட்கும். அப்போது கதவு மேலே நின்றிருந்தால், மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுக்கவே கூடாது: பிடிப்பு விட்டதும் முழுக் கனமும் ஒரேயடியாகக் கீழே வரும்.