வாத்தியக் குழு நடத்திய வனிதை

வீணையும் வாய்ப்பாட்டும் பெண்களுக்கு ஏற்றவை. ஊது வாத்தியங்கள் ஆடவர்க்கே உரியவை என்னும் எண்ணம் நம் நாட்டில் மட்டும் நிலவியதன்று. மேலைநாட்டினரும் நெடுங்காலம் அவ்வாறே கருதினர். அவ்வெண்ணம் பிழையென்று வாழ்ந்து காட்டியவர் ஐவி பென்ஸன் என்னும் ஆங்கில மாது.

இவர் 1913-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், லீட்ஸ் நகரின் ஹோல்பெக் பகுதியில் பிறந்தார். தந்தையார் வாத்தியக்காரர், மகள் பியானோவில் தேர்ச்சி பெற வேண்டுமென்பது அவர் அவா. மகளின் உள்ளமோ ஜாஸ் இசையையும் சாக்ஸபோனையும் நாடியது. பதினான்காம் வயதில் பள்ளியை விட்டு ஆடைத் தொழிற்சாலையில் வேலைக்கமர்ந்த ஐவி, கூலியில் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு சாக்ஸபோனை வாங்கினார். பெண்கள் குழுவொன்றில் சேர்ந்து ஊர் ஊராக வாசித்துப் பழகியபின், 1939-இல் சொந்தக் குழுவை அமைத்தார்.

உலகப் போர் மூண்டது. ஆண் கலைஞர் பலர் படைக்குச் சென்றனர். 1943-இல் ஐவியின் குழு பி.பி.சி. வானொலியின் நிலையக் குழுக்களில் ஒன்றாயிற்று. பெண்களுக்கு இத்தகைய பதவியா என்று ஆண் குழுத் தலைவர்கள் ஆட்சேபித்தனர். ஐவி தளரவில்லை. 1944-இல் லண்டன் பலேடியம் அரங்கில் பல வாரங்கள் அவர் குழு வாசித்தது. 1945-இல் தளபதி மாண்ட்கோமரியின் அழைப்பின்பேரில் பெர்லின் சென்று, வெற்றி பெற்ற படையினர் முன் இசைத்தது.

எதிர்ப்பினும் பெரிய தொல்லை வேறொன்று இருந்தது. அரும்பாடுபட்டுப் பழக்கிய பெண்கள், அமெரிக்கப் போர்வீரரை மணந்தும் வேறு குழுக்களுக்குச் சென்றும் விலகிக்கொண்டே இருந்தனர். ஒருத்தி போனால் இன்னொருத்தியைத் தேட வேண்டும். வட இங்கிலாந்தின் பித்தளை வாத்தியக் குழுக்களில் பயின்ற இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்து, ஐவி மீண்டும் மீண்டும் பயிற்றுவித்தார். ஆகவே அவரது குழு வாத்திய கோஷ்டியாக மட்டுமின்றி, ஓர் இசைப் பள்ளியாகவும் விளங்கிற்று.

போர் முடிந்து ஆடவர் திரும்பினர். நடன இசையின் மவுசும் குன்றியது. எனினும் 1982 வரை அவர் குழுவைக் கலைக்கவில்லை. 1993-இல் காலமானார்.

நம் காலனியிலும் இசை பயிலும் சிறுமியர் உளர். திருமணம் ஆனதும் வாத்தியம் பரண் ஏறுவது பல இல்லங்களில் வழக்கமாயிருக்கிறது. கற்ற கலை அங்ஙனம் உறங்கிவிடாமல் காப்பது பெற்றோர்க்கும், கைப்பிடிக்கும் கணவர்க்கும் கடமையன்றோ? ஐவியின் சரிதம் நமக்கு உணர்த்துவது இதுவே.