சரக்கு வந்தால் வேலை: ஒரு கணிப்பொறிக் கொள்கையின் கதை

சமண நூல்களையும் கல்வெட்டுகளையும் பற்றி எழுதி வந்தவன் கணிப்பொறி பக்கம் ஏன் போனான் என்று கேட்பீர்கள். நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார்கள். அர்விந்த் யார் என்று சிலரைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. மனசுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது.

1945-இல் வான் நாய்மன் எழுதிய அறிக்கையின் வழிவந்த கணிப்பொறிகள், கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்பவை. 1970-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜாக் டென்னிஸ் வேறு விதமாக யோசித்தார். ஒரு கணக்குக்கு வேண்டிய எண்கள் வந்து சேர்ந்துவிட்டால் போதும், அதை உடனே செய்துவிடலாம், வரிசை எதற்கு? இதற்கு 'டேட்டாஃப்ளோ' என்று பெயர். வியாபாரிக்கு இது புதிதல்ல. பாதி லோடு இறங்கியதுமே எடை போட ஆரம்பிப்போம். மீதியும் வரட்டும் என்று ஆளைச் சும்மா உட்கார வைப்போமா? ஆயிரம் கணிப்பொறிகளை ஒரே வேலையில் இறக்கும்போது இதன் அருமை தெரியும்.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1969-இல் பட்டம் பெற்ற அர்விந்த் (ஒற்றைப் பெயர்தான்) கலிபோர்னியாவின் அர்வைன் நகரில் கிம் காஸ்டலோவுடன் சேர்ந்து இம்முறைக்கென்றே 'இட்' என்ற மொழியை உருவாக்கினார். 1978-இல் எம்.ஐ.டி.க்கு வந்தார். இங்கிலாந்தில் மான்செஸ்டரிலும் 1981-இல் ஓர் இயந்திரம் ஓடியது.

சிக்கல் ஒன்று இருந்தது. ஒரே கணக்கு பல சுற்று நடக்கும்போது எந்த எண் எந்தச் சுற்றுக்கு உரியது? மூட்டைக்கு மார்க்கா போடுவதுபோல ஒவ்வொரு எண்ணுக்கும் அடையாளம் கட்டினார்கள். ஆனால் ஜோடியைத் தேடிப் பிடிப்பதே பெரிய செலவாயிற்று. அர்விந்த் குழுவைச் சேர்ந்த கிரெக் பாபடோபுலஸ் தேடுவதையே ஒழித்தார்: ஒவ்வொரு ஜோடிக்கும் முன்கூட்டியே ஓர் இடம், முதலில் வந்தது அங்கே காத்திருக்கும். அப்படி மோட்டரோலா நிறுவனத்தோடு சேர்ந்து கட்டிய இயந்திரத்துக்கு 'மான்சூன்' என்று பெயர். நம்ம ஊர் மழைதான்!

அதற்குள் சந்தை மாறிவிட்டது. சாதாரண சில்லுகள் வருஷா வருஷம் மலிந்து, வேகமும் கூடின. தனி இயந்திரம் கட்டி யாருக்கு விற்பது? டேட்டாஃப்ளோ தோற்றது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. பெட்டி விலை போகவில்லை, சரக்கு போயிற்று. 2007-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 'டிரையாட்', 2015-இல் கூகிள் வெளியிட்ட 'டென்சர்ஃப்ளோ' இரண்டுமே வேலையைக் கண்ணிகளாகப் பிரித்து, தரவு கண்ணிக்குக் கண்ணி பாயும்படி அமைந்தவை. அவை ஓடுவதோ சாதாரணக் கணிப்பொறிகளில்.

அர்விந்த் 2024 ஜூனில் காலமானார். கடைசிவரை எம்.ஐ.டி.யில்தான் பேராசிரியராக இருந்தார்.