நாகையின் பெருமை

துறைமுகத்தின் பெருமையைக் கப்பல்களின் எண்ணிக்கையால் அளப்பர். நாகப்பட்டினத்தை நான் அவ்வாறு அளப்பதில்லை.

கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் இங்கே புத்தபிரானுக்குச் சூடாமணி விகாரம் எழுப்பினர். சிவநெறி பேணிய முதலாம் இராசராசர், 1006-ஆம் ஆண்டளவில், ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அதற்கு ஈந்தார். இதனைக் கூறும் செப்பேடுகள் பிற்காலத்தில் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரைச் சென்றடைந்தன. வணிகம் கருதிய கொடை என்பாரும் உளர். ஆயினும், வணிகமும் நன்மதிப்பால் அன்றோ வளரும்?

1658-இல் டச்சுக்காரரும், 1781-இல் ஆங்கிலேயரும் நகரைக் கைப்பற்றினர். கடலோடிகளுக்கு நெடுங்காலம் அடையாளமாய் நின்ற பௌத்தரின் செங்கற்கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது.

கோபுரத்தை இழந்தோம்; அயலார் வழிபாட்டுக்கும் ஊர் ஈந்த உள்ளத்தை இழத்தலாகாது. என் மாணவர்க்கு நான் வலியுறுத்திய வரலாற்றுப் பாடம் இதுவே.