மகாவலி போய்ச் சேருமிடம்: புறாத்தீவில் ஒரு நாள்

ராத்திரி பதினொரு மணிக்கு பிலிமத்தலாவை சந்தியில் வான் வந்து நின்றது. நாங்கள் ஒன்பது பேர். அதில் ஏழு பேருக்கு நீந்தத் தெரியாது. மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆறு தெரியும், அருவி தெரியும், கடல் என்றால் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் காலி முகத்திடலில் நின்று இஸ்ஸோ வடை சாப்பிட்டதுதான். இந்த முறை டொல்பின் பார்ப்போம், புறாத்தீவில் கண்ணாடி மாட்டித் தண்ணிக்குள்ளே தலையை விட்டு முருகைக்கல் பார்ப்போம், அடுத்த ராத்திரியே வீடு திரும்புவோம் என்று திட்டம். எங்களில் ஒருத்தியின் பாட்டி மட்டும் வாசல் வரைக்கும் வந்து, "கடல் கிட்ட விளையாடாதீங்க, அது நம்ம ஆத்து மாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையில் எங்கள் ஆறும் அந்தக் கடலுக்குத்தான் போகிறது. பேராதனைப் பாலத்தில் நின்று நாங்கள் பார்க்கிற மகாவலி, பொல்கொல்லையில் மறித்து, விக்டோரியாவில் மறித்து, ரந்தெனிகலையில் மறித்து, மிச்சமிருக்கிற தண்ணியோடு மொத்தம் 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. நாங்கள் ரோட்டால் போனோம், அவ்வளவுதான் வித்தியாசம். மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய். கண்டியிலிருந்து 180 கிலோமீற்றர் சொச்சம்.

இந்த வழியை எங்களுக்கு முன்னால் நிறையப் பேர் எதிர்ப் பக்கமாக நடந்திருக்கிறார்கள். 1660இல் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிய 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பலின் ஆட்களை இரண்டாம் இராஜசிங்கனின் படை பிடித்து மலைக்குக் கொண்டுவந்தது. அவர்களில் ஒருவன் ரொபர்ட் நொக்ஸ், கப்பல் தலைவனின் மகன். பத்தொன்பது வருசத்துக்கு மேல் கண்டி இராச்சியத்துக்குள் வாழ்ந்தான். அவன் கடைசியாகக் குடியிருந்த எலதெத்த எங்கள் ஊருக்குப் பக்கத்தில், உடுநுவரையில்தான் இருக்கிறது. தொப்பி பின்னி விற்றுச் சாப்பிட்டவன், 1679இல் அனுராதபுரக் காட்டு வழியாக அரிப்புக்குத் தப்பிப் போய், 1681இல் புத்தகம் போட்டு இலங்கையை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்திவிட்டான். எம்பெக்கைக்கு டூரிஸ்ட்டுகளைக் கூட்டிப் போகிற த்ரீவீல்காரர்களில் எத்தனை பேர் இந்தக் கதையைச் சொல்கிறார்கள் தெரியவில்லை. எங்களுக்கே ஸ்கூலில் யாரும் சொல்லித் தரவில்லை.

பிறகு 1782இல் ஹியூ பொய்ட் என்ற ஆங்கிலத் தூதர் திருகோணமலையிலிருந்து கண்டிக்கு நடந்து வந்து, அரசனிடம் ஒன்றும் சரிவராமல் திரும்பிப் போனார். போகிற வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டார். 1803இல் கண்டியைப் பிடிக்க வந்த பிரித்தானியப் படையில் ஒரு பிரிவு கொழும்பிலிருந்தும் இன்னொரு பிரிவு திருகோணமலையிலிருந்தும் ஏறியது. அந்தச் சண்டைக்குப் பின்னால் பேரம் பேசிக்கொண்டிருந்த மகா அதிகாரம் யார் என்று பார்த்தால், எங்கள் ஊர்ப் பெயரைத் தன் பெயராக வைத்திருந்த பிலிமத்தலாவை. நாயக்க வம்சத்துக் கண்ணுசாமியை ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனாக 1798இல் சிம்மாசனத்தில் உட்கார வைத்தவரும் அவரே, பிறகு அதே அரசனுக்கு எதிராகச் சதி செய்து தலை போனவரும் அவரே.

இவர்களெல்லாம் அரசர், தூதர், கப்பல்காரர். இதே ரோட்டில் தம்புள்ளையிலிருந்து மாத்தளை வரைக்குமான துண்டில் நடந்தவர்கள் வேறு. 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் ஆரம்பித்ததிலிருந்து, தமிழ்நாட்டிலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கிய எங்கள் ஆட்கள் காட்டைத் தாண்டி, தம்புள்ளை, நாலந்தை வழியாகத்தான் மாத்தளைக்கு வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. வானில் ஏசி போட்டு, பாட்டுப் போட்டு அந்தத் துண்டைக் கடந்தபோது எங்களில் பாதிப் பேர் தூக்கம். முழித்திருந்தவர்கள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம். கடல் எங்கள் குடும்பங்களுக்கு ஒரு சுற்றுலா இடமாக ஒருநாளும் இருந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

விடியும்போது நிலாவெளி. கிழக்குக் கடல் மே முதல் செப்டெம்பர் வரைக்கும் அமைதியாக இருக்கும், அதனால்தான் இந்த நேரம். படகோட்டுகிற அண்ணன் எல்லாருக்கும் லைப் ஜாக்கெட் மாட்டிவிட்டு, "வாந்தி வந்தா வெளியில எடுங்கோ தங்கச்சி, போட்டுக்குள்ள எடுக்காதேங்கோ" என்றார். கரையிலிருந்து கொஞ்சத் தூரம் போனதும் தண்ணியின் நிறம் மாறியது. திருகோணமலையின் விசேசம் அதுதான். கரைக்குக் கிட்டவே கடலடியில் ஒரு பள்ளத்தாக்கு ஆரம்பித்து ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறது. ஆழ்கடலில் திரிகிற திமிங்கிலங்கள் இங்கே கரையிலிருந்து பார்க்கிற தூரத்துக்கு வருவது அதனால்தான்.

இதை உலகத்துக்குச் சொன்னதும் ஒரு சின்னப் படகுதான். 1979இல் சர்வதேச திமிங்கில ஆணையம் இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலச் சரணாலயமாக அறிவித்தது. சீஷெல்ஸ் கொண்டுவந்த யோசனை அது. ஆனால் சரணாலயத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஹால் வைட்ஹெட் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 'டியூலிப்' என்ற பத்து மீற்றர் பாய்மரப் படகில் 1982 முதல் 1984 வரை இந்தக் கடலில் அலைந்தார்கள். தண்ணிக்குள் மைக் இறக்கி, ஸ்பேர்ம் திமிங்கிலங்கள் போடுகிற 'டிக் டிக்' சத்தத்தைக் கேட்டு, அதைப் பின்தொடர்ந்து போவார்கள். திமிங்கிலத்தைக் கொல்லாமலே படிக்கலாம் என்று காட்டிய வேலைகளில் இது முக்கியமானது. அதுவரைக்கும் திமிங்கில அறிவில் பெரும்பகுதி வேட்டைக் கப்பல்களில் அறுத்துப் போட்ட உடம்புகளிலிருந்து வந்தது.

அந்த வருசங்களைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் 1983 ஜூலை இருக்கிறது. கண்டியிலும் கடைகள் எரிந்த ஜூலை. திமிங்கிலம் பார்க்க உலகத்திலேயே நல்ல இடங்களில் ஒன்று என்று திருகோணமலைக்குப் பெயர் வரவேண்டிய நேரத்தில் அது போர்முனையாகிப் போனது. பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கே திமிங்கிலம் பார்க்க யார் போனது? போர் முடிகிற காலத்தில் 'திமிங்கிலம் பார்க்கலாம்' என்ற போர்டுகள் முளைத்ததும் தெற்கில், மிரிஸ்ஸையில்தான்.

சரி, டொல்பின். தமிழில் ஓங்கில் என்று ஒரு பழைய பெயர் இருக்கிறது, எங்களுக்கு வாயில் வருவது டொல்பின்தான். ஆறரை மணி இருக்கும், முதலில் ஒரு முதுகு, அப்புறம் பத்து, அப்புறம் எண்ண முடியவில்லை. உடம்பைப் பம்பரம் மாதிரிச் சுழற்றிக்கொண்டு தண்ணிக்கு மேலே எகிறுகிற சுழல் டொல்பின்கள். நாங்கள் கத்திய கத்தலுக்கு அளவே இல்லை. ஐந்து நிமிசம் சந்தோசம். அதற்குள் எல்லாத் திசையிலிருந்தும் படகுகள். பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஒன்று முன்னால் போய் வழி மறிக்க, இன்னொன்று கூட்டத்தின் நடுவால் பாய, டொல்பின்கள் அமுங்கி வேறு பக்கம் எழும்ப, எல்லாப் படகும் அந்தப் பக்கம் திரும்ப. எங்கள் படகும்தான்.

எங்களில் ஒருத்தர், "அண்ணே, கொஞ்சம் தள்ளி நிப்பாட்டலாமா?" என்று கேட்டார். அவர் எஞ்சினைக் குறைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்கள் சொல்றீங்கள், நான் நிப்பாட்டுறன். மற்ற ஆக்கள் கிட்டப் போகாட்டி காசு தரமாட்டினம் தம்பி. எனக்கு இருக்கிறது ஆறு மாதச் சீசன்." அதற்கு மேல் கேட்க எங்களிடம் ஒன்றும் இல்லை. எஞ்சினை நிறுத்தியபிறகு ஒரு விசயம் நடந்தது. நாலைந்து டொல்பின்கள் தாங்களாகவே படகுக்குக் கிட்டே வந்து, மூச்சு விடுகிற 'ப்ஃபூ' சத்தம் கேட்கிற தூரத்தில் கொஞ்ச நேரம் கூடவே வந்தன. போனில் யாரும் ஒழுங்காகப் படம் எடுக்கவில்லை.

பிறகு புறாத்தீவு. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான். பெரிசு ஒன்று, சின்னது ஒன்று, இரண்டு பாறைத் தீவுகள். பெரிய தீவே சுமார் 200 மீற்றர் நீளம்தான். பாறை இடுக்குகளில் காட்டு மாடப்புறாக்கள் குடியிருப்பதால் அந்தப் பெயர். இந்தப் புறாக்கள் தப்பிப் பிழைத்ததே பெரிய காரியம். திருகோணமலை பிரித்தானியரின் கடற்படைத் தளமாக இருந்த காலத்தில், பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக இந்தத் தீவைத்தான் சுட்டிருக்கிறார்கள். 1957இல் பிரித்தானியக் கடற்படை வெளியேறியது. 1963இல் புறாக்களுக்காகத் தீவு சரணாலயமானது. 2003இல், சமாதானம் வந்துவிடும் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த போர்நிறுத்தக் காலத்தில், சுற்றியுள்ள கடலையும் சேர்த்துத் தேசியப் பூங்காவாக்கினார்கள். அடுத்த வருசம் சுனாமி. அதற்கடுத்து, 2006 ஜனவரி 2ஆம் திகதி, திருகோணமலை நகரக் கடற்கரையில் சாயந்தரம் கூடியிருந்த ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். எங்கள் வயதுதான் அவர்களுக்கு. நாங்கள் மணலில் உட்கார்ந்து பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது படகண்ணன்தான் அந்தப் பேச்சை எடுத்தார். அவரும் அப்போது அதே வயது என்றார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஸ்நோர்க்கலிங் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவது மலையேறுவதைவிடக் கஷ்டம். முதல் பத்து நிமிசம் உப்புத் தண்ணி குடித்ததுதான் மிச்சம். ஆனால் ஒருதரம் பயம் விட்டு முகத்தைத் தண்ணிக்குள் வைத்தபிறகு, சத்தம் எல்லாம் நின்று, மான்கொம்பு மாதிரி முருகைக்கல், அதைக் கடித்துக் கடித்துத் தின்கிற கிளிமீன், தூரத்தில் செட்டையின் நுனி மட்டும் கறுத்த ஒரு சின்னச் சுறா. நீந்தத் தெரியாத ஏழு பேரில் ஐந்து பேர் பார்த்தோம்.

இந்தக் கடலுக்குள் இப்படித் தலையை விட்டவர்களில் பிரபலமானவர் ஆர்தர் சி. கிளார்க். விஞ்ஞானக் கதைக்காரர் இலங்கைக்கு ஏன் வந்தார் என்றால், விண்வெளிக்காக இல்லை, முருகைக்கல்லுக்காக. 1956இல் நண்பர் மைக் வில்சனோடு வந்து, இருவரும் கோணேசர் மலையின் அடிவாரத்தில் கடலுக்குள் இறங்கினார்கள். போர்த்துக்கேயர் 1624இல் கோணேசர் கோயிலை இடித்துக் கல்லை எடுத்துக் கோட்டை கட்டியபோது கடலுக்குள் போன தூண்களும் செதுக்கிய கற்களும் அங்கே கிடந்தன. 1957இல் கிளார்க் அதைப் புத்தகமாக எழுதினார். வில்சன் சும்மா இருக்கவில்லை. 1962இல் 'ரன்முத்து தூவ' என்ற சிங்களப் படத்தை எடுத்தார். முதல் முழுநீள வண்ணச் சிங்களப் படம், காமினி பொன்சேகா நடிப்பு, அமரதேவ இசை, தண்ணிக்குள் படமாக்கிய காட்சிகள், மூழ்கிய கோயில் புதையல் கதை. திருகோணமலைத் தமிழர்களின் இடிந்த கோயில், ஒரு வெள்ளைக்காரர் இயக்கத்தில், சிங்கள சினிமாவின் சரித்திரத்துக்குள் போனது. அந்த வெள்ளைக்காரர் பின்னாளில் கதிர்காம முருகனின் பக்தராகி, சுவாமி சிவ கல்கி என்று பெயர் வைத்துக்கொண்டு சாமியாரானார். இந்த நாட்டின் கதைகள் நாம் கோடு போட்டுப் பிரித்து வைக்கிற மாதிரி இருப்பதில்லை.

முருகைக்கல்லுக்கு வருவோம். 1998இல் இந்து சமுத்திரம் சூடாகி முருகைக்கல் வெளுத்தபோது ஹிக்கடுவையும் கற்பிட்டியும் கடுமையாக அடிபட்டன, புறாத்தீவு பெரும்பாலும் தப்பியது. போர் நடந்த வருசங்களில் ஆட்கள் நடமாட்டமும் குறைவு. 2009க்குப் பிறகு பாதை திறந்ததும் நாங்கள் எல்லாரும் வந்துவிட்டோம். நாங்கள் என்றால், கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பஸ் பஸ்ஸாக. தண்ணி குறைவான இடத்தில் முருகைக்கல் மேலேயே ஏறி நின்று செல்பி எடுக்கிறார்கள். எங்களில் இரண்டு பேரும் நிலைதடுமாறிக் காலை ஊன்றினார்கள், பொய் சொல்லக்கூடாது. காலுக்குக் கீழே 'மொறுக்' என்று ஒரு சத்தம். கரைக்கு வந்து பார்த்தால், நாங்கள் மணல் என்று உட்கார்ந்திருந்த இடத்தில் பாதி உடைந்த முருகைக்கல் துண்டுகள்.

திரும்பி வரும்போது எல்லாரும் தூக்கம். விடியப்புறம் பிலிமத்தலாவை ஸ்டேசன் பக்கம் இறங்கினோம். இந்தத் தண்டவாளத்தில்தான் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு 'அழுகைக் கோச்சி' போனது. 1964இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பலாம் என்று எழுதியது. மலையிலிருந்து தலைமன்னாருக்குப் போகிற கோச்சி எதுவும் கடுகண்ணாவை இறக்கம் இறங்காமல் போக முடியாது. பாட்டியின் அக்கா குடும்பம் அதில் போனது. பாட்டி இந்த ஸ்டேசன் வரைக்கும் வந்து கையசைத்தாராம்.

வீட்டுக்குப் போனதும் படங்களைக் காட்டினோம். டொல்பின் முதுகு ஒன்று மங்கலாகத் தெரிந்தது. பாட்டி அதைக் கவனிக்கவில்லை. கடல் மட்டும் இருந்த ஒரு படத்தை விரலால் பெரிசாக்கச் சொல்லி, "அந்தப் பக்கம் கரை தெரிஞ்சிச்சா?" என்று கேட்டார்.

"இல்ல பாட்டி, இது கெழக்குப் பக்கம். இந்தியா மத்தப் பக்கம்."

"அப்ப அந்தப் பக்கத்துக்கு ஒருநாள் கூட்டிட்டுப் போங்க."

தலைமன்னாருக்கு வான் எவ்வளவு என்று விசாரித்து வைத்திருக்கிறோம்.