இருப்பிடம் மாறும் திருமேனிகள்: கலைப்பொருளையும் ஒளிப்படத்தையும் சான்று காட்டும் முறை

ஆய்வுச் சுருக்கம்

தமிழாய்வுக் கட்டுரைகளில் நூலும் கல்வெட்டும் பெறும் முறையான சான்றுக்குறிப்பைச் சிற்பங்களின் படங்கள் பெறுவதில்லை. சிவபுரம், ஸ்ரீபுரந்தான் ஆகிய இரு ஊர்களின் நடராசர் திருமேனிகளின் வரலாற்றைக் கொண்டு, படக்குறிப்பில் இடம்பெறும் இருப்பிடமும் நாளும் வரலாற்றுச் சான்றாகும் தன்மையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செப்புத் திருமேனி, ஒளிப்படம், சான்றுக்குறிப்பு, சிவபுரம், ஸ்ரீபுரந்தான்.

முன்னுரை

கல்வெட்டொன்றை மேற்கோள் காட்டும் ஆய்வாளர் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியின் எண்ணையும் கல்வெட்டின் வரிசை எண்ணையும் தவறாது தருகிறார். அவை இல்லாத மேற்கோளை நெறியாளர் ஏற்பதில்லை. அதே ஆய்வேட்டில் இடம்பெறும் சிற்பத்தின் படத்திற்குக் கீழே ‘சோழர் கால நடராசர்’ என்ற பெயரும், ‘நன்றி: இணையம்’ என்ற குறிப்பும் மட்டுமே காணப்படுகின்றன. எந்தத் திருமேனி, எங்கு இருந்தது, யாரால் எப்போது படமெடுக்கப்பட்டது என்பவற்றுள் ஒன்றையும் அக்குறிப்பிலிருந்து அறிய இயலாது. இக்குறை அச்சு ஒழுங்கைச் சார்ந்தது மட்டுமன்று. சான்றின் வலிமையையே பாதிப்பது.

சோழர் கல்வெட்டுகள் காட்டும் நெறி

திருமேனியை அடையாளம் காணுமாறு பதிவு செய்யும் மரபு தமிழகத்திற்குப் புதிதன்று. தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு முதலாம் இராசராசனும் அவன் சுற்றத்தாரும் அதிகாரிகளும் அளித்த செப்புத் திருமேனிகளை அக்கோயில் கல்வெட்டுகள் விரிவாகக் குறிக்கின்றன. அளித்தவர் பெயர், தெய்வத்தின் பெயர், கைகளின் எண்ணிக்கை, பாதம் முதல் கேசம் வரையிலான உயரம், பீடத்தின் அளவு ஆகியன முழமும் விரலுமாகப் பதிவு பெற்றுள்ளன. கோயில் உடைமையைப் பிற்காலத்தார் சரிபார்த்துக்கொள்ள இப்பதிவு துணைசெய்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டப்பட்ட இவ்விவரங்களைவிடக் குறைவான விவரங்களையே இன்றைய படக்குறிப்புகள் பலவும் தருகின்றன.

சிவபுரம்: ஒரு பெயர், இரு திருமேனிகள்

கும்பகோணத்திற்கு அருகிலுள்ள சிவபுரத்தில் 1951-ஆம் ஆண்டு மண்ணுக்குள்ளிருந்து நடராசர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் கண்டெடுக்கப்பட்டன. அவை அவ்வூர்க் கோயிலில் வைக்கப்பட்டன. பின்னர்ச் செப்பனிடுவதற்காக வெளியே அனுப்பப்பட்டபோது நடராசருக்குப் படி ஒன்று வார்க்கப்பட்டது. படி கோயிலுக்குத் திரும்பியது. மூலத் திருமேனி கைமாறியது. ஊரார் படியையே மூலமெனக் கருதி வழிபட்டு வந்தனர்.

பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கலை வரலாற்றாளர் டக்ளஸ் பேரட், முற்காலச் சோழர் செப்புத் திருமேனிகளைப் பற்றி 1965-இல் வெளியிட்ட நூலில், சிவபுரம் கோயிலில் உள்ளது பிற்காலப் படி என்றும், மூலம் பம்பாயில் தனியார் ஒருவரிடம் உள்ளது என்றும் குறிப்பிட்டார். ஓர் ஆய்வு நூலின் இருப்பிடக் குறிப்பு, நிகழ்ந்த மாற்றத்தை உலகிற்கு அறிவித்தது. அத்திருமேனியை அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை 1973-இல் ஏறத்தாழ 9 இலட்சம் டாலருக்கு வாங்கியது. இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1976-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, பத்தாண்டுகள் அமெரிக்காவில் இருந்தபின் 1986-இல் திருமேனி இந்தியாவிற்குத் திரும்பியது.

இவ்வரலாற்றிலிருந்து ஆய்வாளர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. மாற்றம் நிகழ்ந்தபின் ‘சிவபுரம் நடராசர்’ என்னும் பெயர் இரு பொருள்களைச் சுட்டுவதாயிற்று. படமெடுக்கப்பட்ட ஆண்டு குறிக்கப்படாத ஒளிப்படம் மூலத்தைக் காட்டுகிறதா, படியைக் காட்டுகிறதா என்பதைக் குறிப்பைக் கொண்டு துணிய இயலாது. படியின் படத்தை வைத்துப் பத்தாம் நூற்றாண்டு வார்ப்புக் கலையை ஒருவர் ஆராய்ந்தால், அவர் முடிவு இருபதாம் நூற்றாண்டுக் கைவினையைப் பற்றியதாகவே அமையும்.

ஸ்ரீபுரந்தான்: நாளிட்ட ஒளிப்படம்

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர் திருமேனியை, ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-இல் நியூயார்க் வணிகர் ஒருவரிடமிருந்து ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அத்திருமேனி 1970-களின் தொடக்கத்திற்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியேறிவிட்டதாக விற்பனை ஆவணங்கள் கூறின. தொல்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் இந்தியச் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டது என்பதை நோக்க, இக்காலக் குறிப்பின் உள்நோக்கம் விளங்கும்.

ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஒளிப்படக் காப்பகத்தில், 1994-இல் அக்கோயிலிலேயே எடுக்கப்பட்ட அத்திருமேனியின் படம் இருந்தது. விற்பனை ஆவணங்களின் கூற்றை அப்படம் பொய்யாக்கியது. 2014 செப்டம்பரில் திருமேனி இந்திய அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊரும் ஆண்டும் பதிவாகியிருந்தமையால்தான் அப்படம் இவ்வலிமையைப் பெற்றது. ஆண்டு இல்லையெனில், 1970-க்கு முன் எடுக்கப்பட்ட படம் என்று வாதிட வழி இருந்திருக்கும்.

சான்றுக்குறிப்பின் கூறுகள்

மேற்கண்டவற்றால், படக்குறிப்பு மூன்று செய்திகளைத் தனித்தனியே தருதல் வேண்டும் என்பது பெறப்படும். முதலாவது, பொருள் பற்றியது: தெய்வ வடிவம், உலோகம் அல்லது கல், உயரம், கருதப்படும் காலம், கண்டெடுக்கப்பட்ட ஊரும் ஆண்டும். இரண்டாவது, இருப்பிடம் பற்றியது: கோயில் அல்லது அருங்காட்சியகம், அதன் பதிவெண், ஆய்வாளர் அங்கே பார்த்த நாள். நேரில் பாராதவர் எந்நூலிலிருந்து இருப்பிடத்தை அறிந்தார் என்பதைக் கூறுதல் வேண்டும். மூன்றாவது, ஒளிப்படம் பற்றியது: எடுத்தவர், எடுத்த நாள், காப்பகம், காப்பக எண். இணையத்தில் கிடைத்த படமாயினும் அதன் மூலக் காப்பகத்தைத் தேடிக் குறிப்பதே முறை; படம் கிடைத்த வழியைக் கூறுவது, அது எங்கிருந்து வந்தது என்பதற்கு விடையாகாது.

காவலற்ற கோயில்களின் திருமேனி இருப்பிடத்தை அச்சிடுவது களவுக்கு வழிகாட்டும் என்ற அச்சம் நியாயமானதே. அத்தகைய இடங்களில் முழு விவரத்தைப் பல்கலைக்கழக நூலகத்திலோ காப்பகத்திலோ ஒப்படைத்து, கட்டுரையில் பதிவெண்ணை மட்டும் தரலாம். பொதுவெளியில் மறைப்பது வேறு; பதிவு செய்யாது விடுவது வேறு.

முடிவுரை

‘கோயிலில் உள்ளது’ என்னும் தொடர் எழுதப்பட்ட நாளுக்கு மட்டுமே உண்மையாகும். அந்த நாளையும் சேர்த்து எழுதும்போது அது வரலாற்றுச் சான்றாகிறது. பேரட்டின் குறிப்பும் பிரெஞ்சு நிறுவனத்தின் படமும், திருமேனிகளின் மீட்சியை முன்னறிந்து உருவானவை அல்ல. ஆய்வு ஒழுங்கின்படி பதிவு செய்யப்பட்டவை. இன்று கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர் கைப்பேசியில் எடுக்கும் படமும், ஊரும் நாளும் பெயரும் குறித்து வைக்கப்படுமாயின், அத்தகைய சான்றாகும் தகுதி உடையதே. ஆய்வேடுகளை மதிப்பிடுவோர் கல்வெட்டு எண்ணைக் கேட்கும் அதே கண்டிப்புடன் படத்தின் எண்ணையும் நாளையும் கேட்டல் வேண்டும்.